கமிட் ஆகாமல் ரசீது அனுப்பாதீர்கள்: ஈஜேபி (ஜாவா சர்வர் நிரல்களுக்கான கூறு முறை) கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, ஸ்டேட்லெஸ் பீனின் (அழைப்புகளுக்கு இடையே எதையும் நினைவில் வைக்காத ஈஜேபி கூறு) போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் (பீன் உருவானதும் ஓடுவது) டேட்டாபேஸில் எழுதுகிறேன். பிழை வந்தால் எழுதியது ரத்தாகி ரோல்பேக் ஆக மாட்டேன் என்கிறதே?

அங்கே டிரான்சாக்‌ஷன் (எல்லாம் சேர்ந்து கமிட் ஆகி நிலைக்கும், இல்லையேல் எல்லாம் ரத்தாகும் வேலைத்தொகுதி) இருக்கும் என்று நம்பவே கூடாது தம்பி. ஸ்டேட்லெஸ் பீனை கண்டெய்னர் (பீன்களை நடத்தும் சர்வர் பகுதி) தன் வசதிக்கு உருவாக்கிப் பூலில் போட்டு வைக்கும். அந்த கால்பேக்கின் (கண்டெய்னர் தானே கூப்பிடும் மெத்தட்) மேல் டிரான்சாக்‌ஷன் அட்ரிப்யூட் எழுதினாலும் பலன் இல்லை. தொடக்கத் தரவு எழுத வேண்டுமென்றால் சிங்கிள்டன் பீனுக்கு (செயலிக்கு ஒன்றே ஒன்று) மாற்றுங்கள். 2009-ல் ஈஜேபி 3.1-உடன் வந்தது, அதன் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடும்.

காரைக்குடியிலிருந்து: ஆர்டர் சேவ் ஆனதும் என்டிட்டியின் (டேபிள் வரிக்கு ஈடான ஆப்ஜெக்ட்) போஸ்ட்பெர்சிஸ்ட்டில் எஸ்எம்எஸ் அனுப்பலாமா சார்?

வேண்டாம். நான் இதில் அடிபட்டிருக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் ஒருவருக்கு ஆர்டர் மென்பொருள் எழுதினேன். ஆர்டர் வரி இன்ஸர்ட் ஆனது, எஸ்எம்எஸ் போனது. அதே டிரான்சாக்‌ஷனில் அடுத்து இருப்பைக் கழிக்கும்போது கையிருப்பு போதாமல் எல்லாம் ரோல்பேக். மறுநாள் காலை வாடிக்கையாளர் வண்டி பிடித்து வந்து நிற்கிறார். அவர் கையில் எங்கள் குறுஞ்செய்தி; எங்கள் கணக்கில் அப்படி ஓர் ஆர்டரே இல்லை. கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போஸ்ட்பெர்சிஸ்ட் என்றால் இன்ஸர்ட் முடிந்தது என்றுதான் பொருள், கமிட் ஆனது என்றல்ல. சிடிஐ ஈவென்ட் (பீன்களுக்கு இடையே போகும் அறிவிப்பு) அனுப்பி, ஆஃப்டர்சக்சஸ் கட்டத்தில் (கமிட் வெற்றியான பின்) கேட்கும் அப்சர்வர் வையுங்கள். ஆனால் கமிட்டுக்கும் அப்சர்வருக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் செய்தி தொலைந்துவிடும். அதனால் இப்போது நான் ‘அனுப்ப வேண்டியவை’ என்று ஒரு டேபிள் வைத்து, ஆர்டரோடு அதே டிரான்சாக்‌ஷனில் ஒரு வரி எழுதிவிடுகிறேன். டைமர் பீன் அதை எடுத்து அனுப்பும். எப்போதாவது இரண்டு முறை போகலாம். பொய்யான ரசீது போகாது.

பள்ளத்தூரிலிருந்து: பேரேட்டில் பற்று எழுதினேன், வரவு எழுதும் முன் எக்ஸெப்ஷன். ஆனாலும் பற்று கமிட் ஆகிவிட்டது!

நீங்கள் எறிந்தது செக்டு எக்ஸெப்ஷனாக (நிரல் கட்டாயம் பிடிக்கவோ அறிவிக்கவோ வேண்டிய பிழை) இருக்கும். ரன்டைம் எக்ஸெப்ஷனுக்குத்தான் கண்டெய்னர் தானாக ரோல்பேக் செய்யும். செக்டு வகையை, நிரலே சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிடும். அந்த எக்ஸெப்ஷன் கிளாஸின் மேல் அப்ளிகேஷன்எக்ஸெப்ஷன் குறிப்பைப் போட்டு ரோல்பேக்கை ட்ரூ ஆக்குங்கள். பற்று ஏறி வரவு ஏறாத பேரேட்டைக் கொண்டுபோனால் ஐந்தொகை எப்படி நேராகும்? இன்றைக்கே திருத்திவிடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: ரிக்வயர்ஸ்நியூ (புது டிரான்சாக்‌ஷன் கேட்கும் அட்ரிப்யூட்) போட்ட மெத்தட் தனி டிரான்சாக்‌ஷனில் ஓடவில்லை.

அதே கிளாஸுக்குள்ளிருந்து கூப்பிடுகிறீர்களா? அப்படியானால் அழைப்பு கண்டெய்னர் வழியாகப் போகாது, அட்ரிப்யூட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். வேறு பீனுக்கு நகர்த்துங்கள்.

அதே நண்பர்: கணக்கை ப்ரீடெஸ்ட்ராயில் (பீன் அழியும் முன் ஓடும் மெத்தட்) சேமிக்கலாமா?

கூடாது. சர்வர் திடீரென விழுந்தால் அது கூப்பிடப்படாது. கணக்கை அந்தந்த பிசினஸ் மெத்தடிலேயே சேமியுங்கள்.