துண்டுக்குள் பேசும் விலை

அன்புள்ள ஐயா,

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்திருக்கிறேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அழைத்திருக்கிறார்கள். முதல் 6 மாதம், மாதம் 1.5 லட்சம் ‘மினிமம் கேரண்டி’. பிறகு நான் பார்க்கும் நோயாளிகளின் கட்டணத்தில் பங்கு. 3 வருட பாண்டு, அதாவது இடையில் விலகினால் ஒரு தொகை கட்ட வேண்டும். விலகினால் 2 வருடம் 10 கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக்கூடாதாம். பேரம் பேசக் கூச்சமாக இருக்கிறது. “டாக்டர் காசு பேசலாமா, கையெழுத்தைப் போடு” என்கிறார் அப்பா.

வாசகி, மேலூர்

அன்புள்ள டாக்டர்,

மாட்டுச் சந்தையில் கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மாட்டுச் சந்தையாக இருந்த மதுரை மாட்டுத்தாவணியில் இப்போது பஸ்தான் நிற்கிறது. துண்டு மருத்துவமனை நிர்வாகியின் அறைக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்களில் ஒருவர் வாங்குவது மற்றவருக்குத் தெரியாது. அதற்கு நாகரிகம் என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம்.

1.5 லட்சம் கிடக்கட்டும். 7ஆவது மாதத்தைப் பற்றிப் பேசுங்கள். என் முதல் வேலையில் நான் அதைப் பேசவில்லை. கேரண்டி முடிந்த மாதம் வந்த தொகையைப் பார்த்து, கணக்குப் பிரிவில் தவறு செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். தவறில்லை. புறநோயாளிக் கட்டணத்தில் மட்டும்தான் எனக்குப் பங்காம். வார்டில் இரவு 2 மணிக்குப் போய்ப் பார்த்தவர்களில் பாதிப் பேர் காப்பீட்டு அட்டையில் வந்தவர்கள். காப்பீட்டில் சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு தொகை. அதில் டாக்டருக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே கேளுங்கள்: வார்டு ரவுண்டுக்குப் பங்கு உண்டா? முதலமைச்சர் காப்பீட்டு நோயாளிக்கு எப்படிக் கணக்கிடுவார்கள்? பில் போட்ட தேதியில் பணமா, காப்பீட்டுப் பணம் வந்த பிறகா? மாதாமாதம் கணக்கைக் காட்டுவார்களா?

இன்னொன்று. 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரி) பிடித்து, சம்பளமாக இல்லாமல் கட்டணமாகக் கொடுத்தால் அவர்கள் கணக்கில் நீங்கள் ஊழியர் இல்லை. பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. ஆனால் பாண்டு எழுதும்போது மட்டும் ஊழியர். இந்த வேடிக்கையை அவர்களிடமே சிரித்தபடி சொல்லலாம். நோயாளி வழக்குப் போட்டால் செலவு யாருடையது என்பதைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் நம்மை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

10 கிலோமீட்டர் மிரட்டலுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையை விட்ட பிறகும் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி செல்லாது. பாண்டு அப்படியல்ல, அதற்குப் பல் உண்டு. ஆனாலும் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். 3 வருடத்தை 1 ஆக்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகலைக் கொடுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கூலி பேசாமல் அவர் வீட்டுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பாரா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த அறையில் உங்களுக்கு முன் இருந்த டாக்டர் ஏன் போனார் என்று அவரிடமே கேளுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று மருத்துவமனையில் சொல்லமாட்டார்கள். எதிரில் இருக்கும் மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும்.