எந்த இடத்தில் நிற்கிறோம், எந்த விசையை அழுத்துவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பார்வை குறைந்துவரும் என் தங்கச்சிக்கு வயது 16. வீட்டில் பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. மவுஸ் இல்லாமல் எப்படித் தொடங்குவது? நான் பக்கத்தில் இருந்து என்ன செய்யவேண்டும்?
– ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: என்விடிஏ (NVDA) என்ற திரை வாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பதியுங்கள். அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட இந்த மென்பொருள் முற்றிலும் இலவசம். பட்டியல்கள் தமிழிலும் கிடைக்கும், தமிழ்க் குரலும் கூடவே வரும். முதன்முறை திறக்கும்போது வரும் வரவேற்புப் பெட்டியில் இரண்டு விடயங்களைத் தெரிவுசெய்யுங்கள். ஒன்று, விசைப்பலகை வகை: லப்டொப். மற்றது, கப்ஸ் லொக்கை என்விடிஏ விசையாக, அதாவது மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்தி என்விடிஏக்குக் கட்டளை தரும் விசையாகப் பயன்படுத்துவது. வழக்கமாக அந்த வேலையைச் செய்வது இன்செர்ட் விசை, ஆனால் பல லப்டொப்களில் அது ஒரு மூலையில், வேறொரு விசையோடு சேர்ந்து கிடக்கும். பார்க்காமல் அதைத் தேடுவது முதல் நாளிலேயே சலிப்பைத் தந்துவிடும். பெரிய எழுத்துக்காகக் கப்ஸ் லொக் வேண்டும் என்றால் அதை விரைவாக இரண்டு முறை அழுத்தினால் போதும்.

முதல் பாடம் என்விடிஏ விசையும் 1உம். இதை அழுத்தினால் பழகும் நிலை வரும். பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அது தன் பெயரையும் வேலையையும் மட்டும் சொல்லும், கணினியில் எதுவும் நடக்காது. பயமில்லாமல் பலகை முழுவதையும் தடவிப் பார்க்கலாம். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும். இரு சுட்டுவிரல்களும் அங்கேதான் திரும்பி வந்து நிற்கவேண்டும். ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம், ஒரு கிழமைக்கு இது மட்டும் போதும். வெளியே வருவதற்கு மீண்டும் என்விடிஏ விசையும் 1உம்.

அடுத்து நோட்பாட். விண்டோஸ் விசையும் ஆரும் (R) அழுத்தி, நோட்பாட் என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர் கொடுக்கவேண்டும். ஐந்து வரி எழுதவிட்டு, அம்பு விசையால் எழுத்தெழுத்தாகவும், கொன்ட்ரோலோடு சேர்த்துச் சொல்சொல்லாகவும், ஹோம், எண்ட் கொண்டு வரியின் தலைக்கும் வாலுக்கும் போகப் பழக்குங்கள்.

நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அவர் தடுமாறும்போது மவுஸைப் பிடித்து நீங்களே கிளிக் பண்ணிக் கொடுக்காதீர்கள். "மேலே வலப்பக்கம் இருக்கிறது" என்றும் சொல்லாதீர்கள். "இப்ப எங்க நிக்கிறாய்?" என்று கேளுங்கள். என்விடிஏ விசையும் டாப்பும் (Tab) அவர் நிற்கும் இடத்தைச் சொல்லும், என்விடிஏ விசையும் டீயும் (T) திறந்திருக்கும் சாளரத்தின் தலைப்பைச் சொல்லும். இந்த இரண்டையும் கை தானாகத் தேடும் நாள் வந்துவிட்டால் மீதியை அவரே கற்றுக்கொள்வார்.

கேள்வி: இணையப் பக்கத்தில் டாப்பை அழுத்தி அழுத்திப் போகிறேன், பாதி விடயம் வாசிக்கப்படுவதே இல்லை. பரீட்சைச் சுட்டெண் எழுதப் போனால் எண் விழாமல் எங்கோ தாவுகிறது. எழுதி முடித்தபின் எச்சை அழுத்தினால் தலைப்புக்குப் போகாமல் பெட்டிக்குள் எச் எழுத்து விழுகிறது. கணினியில் பிழையா?
– உயர்தர மாணவர், சாவகச்சேரி

பதில்: கணினியில் பிழை இல்லை. எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

டாப் வாசிப்பதற்கான விசை அல்ல. இணைப்பு, பொத்தான், எழுதும் பெட்டி போல ஏதாவது செய்யக்கூடிய இடங்களில் மட்டும் அது நிற்கும், நடுவில் உள்ள பந்திகளைத் தாண்டிவிடும். "விண்ணப்ப முடிவுத் திகதி" சாதாரண வரியாக இருந்தால் டாப்பில் போகிறவருக்கு அது காதில் விழவே விழாது. வாசிக்கக் கீழ் அம்பு வேண்டும்.

இணையப் பக்கத்தில் என்விடிஏ இரண்டு நிலைகளில் இயங்கும். வாசிக்கும் நிலையில் எழுத்து விசைகள் எழுதாது, தாவும்: எச் தலைப்புக்கு, கே இணைப்புக்கு, ஈ எழுதும் பெட்டிக்கு, பீ (B) பொத்தானுக்கு, டீ (T) அட்டவணைக்கு. 1 முதல் 6 வரையான எண்கள் அந்தந்த மட்டத் தலைப்புக்குப் போகும். ஷிஃப்டோடு சேர்த்தால் பின்னோக்கிப் போகும். சுட்டெண்ணின் முதல் இலக்கம் 2 என்றால் நீங்கள் அழுத்திய 2 இரண்டாம் மட்டத் தலைப்பைத் தேடித்தான் ஓடியிருக்கிறது.

எழுதும் நிலையில் அதே விசைகள் எழுதும். ஆகவே ஈயை அழுத்துங்கள், பெட்டியின் பெயரைக் கேளுங்கள், என்டர் கொடுங்கள். தட்டெழுத்துப் பொறியின் 'டக்' போல ஓர் ஒலி வரும். அந்த ஒலி வந்தபின்தான் எண்ணை எழுதவேண்டும். எழுதி முடிந்ததும் எஸ்கேப். ஒலி மாறும், எச் மறுபடி தலைப்புக்குப் போகும். எஸ்கேப் வேலை செய்யவில்லை என்றால், அதற்கு முன் என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி நீங்களே நிலையை மாற்றியிருப்பீர்கள். கையால் மாற்றியதை அதே சேர்க்கையால்தான் திருப்பவேண்டும்.

பிறந்த மாதம் போன்ற தெரிவுப் பெட்டியில் ஒல்ட்டும் கீழ் அம்பும் அழுத்தித் திறந்து, அம்பால் தெரிந்து, என்டர் கொடுங்கள். சரி அடையாளம் இடும் கட்டப் பெட்டிக்கு ஸ்பேஸ் பார். அனுப்பியபின் பக்கம் மௌனமாக இருந்தால் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தவேண்டாம். கொன்ட்ரோலும் ஹோமும் அழுத்தி மேலே போய், எச்சாலும் கீழ் அம்பாலும் இறங்குங்கள். பிழைச் செய்தியைச் சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும் தளங்கள் நிறைய. அதைத் திரை வாசிப்பானுக்குத் தெரியப்படுத்துவது தளத்தை அமைப்பவரின் கடமை. அவர்கள் செய்யும்வரை தேடிப் போய் வாசிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று: கடவுச்சொல் பிழை என்று வந்தால் தமிழ் விசைப்பலகை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டியில் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் என்றுதான் கேட்கும், அதனால் மொழி மாறியது தெரியாது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் அழுத்தினால் மொழி மாறும், பெயரும் சொல்லப்படும்.

கேள்வி: அலுவலகத்தில் தரும் தமிழ் வேர்ட் கோப்புகளைத் திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. பக்கத்தில் இருப்பவர் தமிழாகத்தான் தெரிகிறது என்கிறார்.
– வாசகர், நல்லூர்

பதில்: அது பாமினி எழுத்துருவாக இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள் முதல் அலுவலகங்கள் வரை இன்னும் வழக்கில் உள்ளது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி (jkpo;) என்றே கிடக்கிறது. கண் வடிவத்தைப் பார்க்கிறது, திரை வாசிப்பான் உள்ளே இருப்பதை வாசிக்கிறது.

உறுதிப்படுத்த, அந்த வரியில் நின்று என்விடிஏ விசையும் எஃப்பும் அழுத்துங்கள், எழுத்துருவின் பெயர் சொல்லப்படும். பாமினி என்றால், கொன்ட்ரோல் ஏ, கொன்ட்ரோல் சீ அழுத்தி எல்லாவற்றையும் நகலெடுத்து, பாமினியை யூனிகோடாக, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீடாக மாற்றும் இலவச மாற்றிப் பக்கம் ஒன்றில் ஒட்டி மாற்றுங்கள். கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் சிதையும்: 'எக்ஸாம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது 'நஒயஅ' என்று வரும். ஆகவே பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள்.

யூனிகோட்டில் தட்டச்சு செய்யும்படி அலுவலகத்தைக் கேளுங்கள். தயங்கவேண்டாம், இது சலுகை அல்ல. இலங்கையின் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமான எஸ்எல்எஸ் 1326 யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது.

கேள்வி: திடீரென்று பேச்சு நின்றுவிடுகிறது. கணினியை நிறுத்தித் திறந்தால்தான் சரியாகிறது.
– வாசகி, பருத்தித்துறை

பதில்: என்விடிஏ விசையோடு எஸ் பட்டிருக்கும். அதையே ஒவ்வொரு முறையாக அழுத்திக்கொண்டு போங்கள், பேச்சு திரும்பும். வரவில்லை என்றால் கொன்ட்ரோல், ஒல்ட், என் (N) மூன்றும் சேர்த்து அழுத்துங்கள். பதியும்போது அந்தக் குறுக்கு விசையை அனுமதித்திருந்தால் என்விடிஏ புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: நூலகம் என்ற இணையத்தளத்தில் இறக்கிய பழைய சஞ்சிகைகளைத் திறந்தால் வெறுமையான ஆவணம் என்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்

பதில்: அவை பெரும்பாலும் பக்கங்களைப் படம் பிடித்துச் சேர்த்த கோப்புகள், உள்ளே எழுத்து இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி, கோப்பின்மேல் ஷிஃப்ட் எஃப் 10 அழுத்தி, கூகுள் டொக்ஸால் திறக்கும் தெரிவைக் கொடுங்கள். படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து கிடைக்கும். 2 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றுவது நல்லது. இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கங்களில் வரிகள் ஒன்றோடொன்று கலக்கலாம். பொருள் சட்டென்று அறுந்தால் நான்கைந்து வரி கீழே போய்ப் பாருங்கள், தொடர்ச்சி பெரும்பாலும் அங்கே இருக்கும்.