குரூப் கேப்டிவ் சோலாரில் பங்கு வாங்கி மில்லுக்குக் கரண்ட் எடுப்பது லாபமா?

குரூப் கேப்டிவ் என்றால் பல மில்கள் சேர்ந்து ஒரு மின் நிலையத்தில் பங்கு வாங்கி, அதன் கரண்ட்டைத் தாங்களே எடுத்துக்கொள்வது. லாபம் வரும். ஆனால் அது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்களிடம் எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு இருக்கிறது, கம்பெனிக்காரர் ஒருவர் வந்து யூனிட்டுக்கு இவ்வளவு மிச்சம் என்று எக்செல் ஷீட் காட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உடுமலை பக்கம் எங்களுக்குச் சின்ன ஸ்பின்னிங் மில். தொண்ணூறுகளில் அப்பா 250 கிலோவாட் காத்தாடி (காற்றாலை) ஒன்று போட்டார், இன்னும் ஓடுகிறது. வரியை மிச்சம் பிடிக்கத்தான் மில்காரர்கள் காத்தாடி போட்டார்கள் என்று உடனே சிலர் வருவீர்கள். போட்ட பணத்தில் பெரும்பகுதியைத் தேய்மானமாக வரிக்கணக்கில் சீக்கிரமே கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது உண்மைதான், 2012-ல் நீக்கினார்கள், 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் 40 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் மின்வெட்டு இருந்த அந்த வருஷங்களில் டீசல் ஜெனரேட்டருக்குக் கொட்டிய காசைக் கொஞ்சமாவது ஈடுகட்டியது அந்தக் காத்தாடி யூனிட்தான். அதைச் சலுகை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

காத்தாடித் தொழிலே பேங்கிங்கில்தான் நின்றது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை, மில்லோ வருஷம் முழுக்க ஓடுகிறது. சீசனில் மிஞ்சிய யூனிட்டை ஈ.பி. கணக்கில் வைத்து மார்ச் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த பேங்கிங். 2018 மார்ச்சுக்குப் பிறகு போட்ட காற்றாலைகளுக்கு அந்த வருஷக் கணக்கு கிடையாது என்று ஆனதும் புதிதாகப் போடுபவர்களின் கணக்கே மாறிவிட்டது. சோலாருக்கு வேறு தலைவலி. பகலில் மட்டும்தான் உற்பத்தி, நமக்கோ மூன்று ஷிப்ட். ராத்திரி பில் அப்படியேதான் வரும், உங்களுக்குக் காட்டிய ஷீட்டில் அது சராசரிக்குள் மறைந்திருக்கும், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். 2005 மின்சார விதிகளின்படி கேப்டிவ் என்றால் உபயோகிப்பவர்களிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், வருஷ உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே எடுக்க வேண்டும். அதுவும் பங்குக்கு ஏற்ற அளவில், பத்து சதவீதம் முன்னே பின்னே. இதற்கென்றே தொடங்கும் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கு தவறினால் அது கேப்டிவ் இல்லை என்றாகி, அந்த வருஷம் முழுவதற்கும் சர்சார்ஜ் (ஈ.பி.க்குக் கட்டும் கூடுதல் கட்டணம்) விழும். நீங்கள் ஒழுங்காக ஓட்டினாலும், குரூப்பில் இருக்கும் இன்னொரு மில் மந்தத்தில் மூடினால் போதும், கணக்கு தவறிவிடலாம்.

எங்களிடம் வந்த கம்பெனியின் வரைவில் அந்த சர்சார்ஜ் எங்கள் தலையில்தான் இருந்தது. கேட்டால் "அதெல்லாம் நடக்காதுங்க சார்" என்றார்கள். நடக்காது என்றால் நீங்களே ஏற்பதாக எழுதிக் கொடுங்கள் என்றேன், அதோடு போன் வருவது நின்றது. அடுத்து வந்தவர்கள், எங்கள் தரப்பில் யூனிட் எடுக்கத் தவறினால் மட்டும் எங்கள் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர்கள் பொறுப்பு என்று மாற்றி எழுதினார்கள். அங்கேதான் கையெழுத்துப் போட்டோம். ரேட் கொஞ்சம் கூடத்தான், பரவாயில்லை. வக்கீலிடம் கேட்காமல் பேசுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், ஆடிட்டர், வக்கீல் இருவரும் படித்துப் பார்த்த வரைவு அது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலீடு, வருமானம் என்று இத்தனை பேர் பேசுகிறார்கள், ஆடிக் காற்றில் லிஃப்ட் இல்லாத பழைய காத்தாடியில் ஏணி பிடித்து ஏறும் சர்வீஸ் பையன்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் காத்தாடிக்கு வரும் தம்பி ஐ.டி.ஐ. முடித்தவர், எந்தச் சத்தம் எந்த பேரிங் என்று கீழே நின்றே சொல்லுவார். அவருக்கு ஒப்பந்தக்காரர் கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டால் வயிறு எரியும். சோலார் வந்ததும் அந்த ஆட்களும் பேனல் கழுவப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழு வரைவையும் கையில் கொடுக்காமல் அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். நடுவில் விலகினால் பங்கை என்ன விலைக்குத் திரும்ப வாங்குவார்கள், எத்தனை வருஷம் கட்டிப்போடுவார்கள் என்ற பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.