ஹார்டுவேர் கடைச் சாமான்களை வைத்தே தோட்டத்தில் ஒரு நீரூற்று செய்ய முடியுமா? இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்குமா?

முடியும், அடங்கும். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே பீய்ச்சி அடிக்க வேண்டுமா, தொட்டியின் விளிம்பில் வழிந்து இறங்க வேண்டுமா? வீட்டுத் தோட்டத்துக்கு வழிகிற வகையே நல்லது. பீய்ச்சும் தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு தூரமாவது நாலாபக்கமும் தொட்டி விரிந்திருக்க வேண்டும். இரண்டடி உயரத்துக்கு நாலடி அகலத் தொட்டி. கொஞ்சம் காற்றடித்தால் அதுவும் போதாது, பாதித் தண்ணீர் தரையில்தான் விழும். கரண்டே இல்லாமல் மூன்று பாட்டில்களை வைத்துச் செய்யும் ஊற்று பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சரி. நடு பாட்டிலில் உள்ள தண்ணீர் தீர்ந்ததும் அது நின்றுவிடும்.

அமைப்பு இதுதான்: கீழே ஒரு டப், அதற்குள் கால்கள் கொடுத்து ஒரு கல் பலகை, பலகையின்மேல் பூந்தொட்டி. டப்பில் கிடக்கும் பம்பு தொட்டிக்குள் தண்ணீரை ஏற்றும். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் கூழாங்கல் இடுக்கு வழியாக மறுபடி டப்புக்கே போய்ச் சேரும். வெளியே தெரிவது நனைந்த தொட்டியும் கல்லும் மட்டும்.

வாங்க வேண்டியவை: வாய் இரண்டடி அகலம், உயரம் சுமார் 28 செ.மீ. உள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் டப் (கறுப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில்), 14 இஞ்ச் மண் பூந்தொட்டி, 18 வாட் ஏர்கூலர் பம்பு, வாஷரோடு ஓர் அரை இஞ்ச் டேங்க் நிப்பிள் (தொட்டியின் ஓட்டையில் மாட்டும் மரையுள்ள குழாய்த்துண்டு), அதில் மாட்ட எஃப்.டி.ஏ. (ஒரு பக்கம் உள்மரை, மறுபக்கம் பி.வி.சி. பைப் ஒட்டும் இணைப்பு) ஒன்று, அரை இஞ்ச் பி.வி.சி. பைப் ஓரடி, சின்ன பால் வால்வு, அரை இஞ்ச் ஹோஸ் ஒரு மீட்டர், நாலைந்து கிளிப், ஒரு இஞ்ச் கண் உள்ள வெல்டட் மெஷ், நைலான் கொசுவலை, ஒன்றரை இஞ்ச் கூழாங்கல் 20 கிலோ, சிலிக்கான் ஒரு ட்யூப். நான்கு இஞ்ச் டிரெய்னேஜ் பைப்பில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒரு மீட்டர் இருந்தால் நான்கு கால் தேறிவிடும். கல் கடையில் ஓரடி நீளம், ஆறு இஞ்ச் அகலத்தில் இரண்டு கடப்பாக்கல் துண்டுகளைக் கழிவில் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு ஊர் விலை மாறும், எல்லாம் சேர்த்து சுமார் 1,500 முதல் 1,900 ரூபாய் வரை ஆகும்.

பூந்தொட்டியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர்ப் பானையின் அடி உருண்டையாக இருப்பதால் நிப்பிளின் வாஷர் அதில் படியாது, எத்தனை இறுக்கினாலும் ஒழுகும். பூந்தொட்டிக்கு அடி தட்டை, நடுவில் ஓட்டையும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஓட்டையை 22 மி.மீ. ஆக்கினால் அரை இஞ்ச் நிப்பிள் நுழையும். தொட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, உருண்டை அரத்தால் சுற்றிச் சுற்றி ராவுங்கள். டிரில்லைச் சுத்தியல் மோடில் வைத்துக் குத்தினால் தொட்டி இரண்டாகப் பிளக்கும். ராவியபின் இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, அப்புறம்தான் சிலிக்கான். ஈர மண்ணில் சிலிக்கான் ஒட்டாது. உள்ளே ஒரு வாஷர், வெளியே ஒரு வாஷர், இரண்டுக்கும் அடியில் சிலிக்கான் தடவி நட்டை முறுக்குங்கள். ஸ்பேனர் வேண்டாம், கை இறுக்கமும் அதற்குமேல் கால் சுற்றும் போதும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

இனி, வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் தவறுகிற இடம். நிப்பிளோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால், கரண்ட் போன மறுநிமிடமே தொட்டியில் இருக்கும் சுமார் 18 லிட்டர் தண்ணீரும் பம்பு வழியாகவே கீழே இறங்கும். டப் நிரம்பி வழிந்து தரை குளமாகும். கரண்ட் வந்ததும் டப்பில் மிச்சம் இருப்பதைக் கொண்டு தொட்டியை மறுபடி நிரப்பப் பார்த்து, தண்ணீர் போதாமல் பம்பு காய்ந்து ஓடும். அதனால் தொட்டிக்குள்ளே நிப்பிளின்மேல் எஃப்.டி.ஏ. மாட்டி, அதில் ஒரு நெட்டுப் பைப்பை ஒட்டி, விளிம்புக்கு 5 செ.மீ. கீழே முடியும்படி வெட்டுங்கள். இப்போது கரண்ட் போனால் மேலே உள்ள அந்த 5 செ.மீ. தண்ணீர், ஏறக்குறைய நாலரை லிட்டர், மட்டும் இறங்கும். டப்பில் அதற்கு இடம் விட்டிருந்தால் ஒரு சொட்டு வெளியே போகாது. பைப்பை இன்னும் உயர்த்தினால் இறங்கும் தண்ணீர் குறையும், ஆனால் மேற்பரப்பு கொப்பளிக்கும். கண்ணாடிபோல் அசையாத தண்ணீர்தான் அழகு என்பவர்களுக்கு 5 செ.மீ. சரி.

கால்களுக்கு நான்கு இஞ்ச் பைப்பை 22 செ.மீ. உயரத்தில் நான்கு துண்டுகளாக வெட்டி, தண்ணீர் புழங்க ஒவ்வொன்றிலும் ஐந்தாறு துளை போடுங்கள். தண்ணீரோடு சேர்த்துத் தொட்டி 30 கிலோ வரை கனக்கும், வெறும் மெஷ் அதைத் தாங்காது. செங்கல் வைத்தால் ஊறிக் கரைந்து பம்பின் வாயை அடைக்கும். சாலிட் பிளாக் வைத்தால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். மெஷ்ஷை வட்டமாக வெட்டிக் கால்களின்மேல் போடுங்கள். டப்பின் சுவர் மேல்நோக்கி விரிவதால், அளவு சரியாக இருந்தால் அது அந்த உயரத்திலேயே சிக்கி நிற்கும். பம்பை எடுக்கக் கை நுழைகிற மாதிரி ஒரு மூலையை மடக்குக் கதவாக விடுங்கள். அதன்மேல் கொசுவலை. கற்களுக்கு அடியில் இருட்டில் நிற்கும் தண்ணீரைக் கொசு எளிதாகக் கண்டுபிடித்துவிடும், வலையை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கடப்பாக்கல் இரண்டையும் நடுவில் இரண்டரை இஞ்ச் இடைவெளி விட்டு, கால்களுக்கு நேர்மேலே வைத்தால் நிப்பிளும் ஹோஸும் அந்த இடைவெளியில் இறங்கும். கல்லில் ஓட்டை போட வேண்டிய வேலை மிச்சம்.

பம்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். 1.8 மீட்டர் என்றால் அந்த உயரத்தில் தண்ணீர் வரத்து பூஜ்யம். உயரத்தை அளக்க வேண்டியது பம்பிலிருந்து அல்ல, டப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் விளிம்பு வரை. நம் அமைப்பில் அது 45 செ.மீ. அளவுதான், 18 வாட் தாராளம். அதிகமாக வந்தால் ஹோஸின் நடுவில் மாட்டிய பால் வால்வால் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மட்டம். அழகு முழுவதும் இதில்தான் இருக்கிறது. 14 இஞ்ச் தொட்டியின் விளிம்புச் சுற்று ஏறத்தாழ 110 செ.மீ. அவ்வளவு நீளத்திலும் பரவும்போது தண்ணீர்ப் படலத்தின் கனம் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். கையால் வனைந்த தொட்டியின் விளிம்பே சமமாக இருக்காது. சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஈர மணலைத் தூவி, தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மாவாட்டுகிற மாதிரி சுற்றித் தேயுங்கள். மேடான இடம் முதலில் வெளுக்கும். விளிம்பு முழுக்க ஒரே நிறமாக வெளுத்ததும் நிறுத்தலாம், கால் மணி நேரம் பிடிக்கும். பிறகு தொட்டியைப் பலகையில் வைத்து, விளிம்பின் குறுக்கே ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். கடைசிச் சோதனைக்குத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மேலும் ஒரு குவளையை மெதுவாக ஊற்றுங்கள். முதலில் எங்கே வழிகிறதோ அந்தப் பக்கத்து அடியில் டைல்ஸ் சில்லு ஒன்றைச் செருகுங்கள். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் விளிம்பில் ஓரிடத்தில் இரண்டு இஞ்ச் அகலத்துக்குப் பள்ளம் ராவிவிடுங்கள். தண்ணீர் அங்கே மட்டும் பட்டையாக விழும், சத்தமும் கூடும்.

ஓட்டுவதற்கு முன் தொட்டியைக் கையாலேயே நிரப்பிவிட்டு, டப்பில் 18 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். பம்பை ஒரு டைல்ஸ் துண்டின்மேல் வைத்தால் அடியில் படியும் மண்டியை இழுக்காது. கூழாங்கல்லைக் கழுவாமல் கொட்டினால் முதல் நாளே தண்ணீர் சேறாகும்.

கரண்ட் விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். கூலர் பம்பு 230 வோல்ட்டில் ஓடுவது, விலை குறைந்தவற்றில் எர்த் வயரே இருக்காது. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் இதைச் செருகவே கூடாது. வயர் ஜாயிண்ட் எதுவும் டப்புக்குள்ளோ ஈரத்தரையிலோ இருக்கக் கூடாது. வயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும், அப்போதுதான் வயரில் வழிந்து வரும் தண்ணீர் பிளக்கில் நுழையாமல் கீழே சொட்டும். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரல்கூட வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 12 வோல்ட் டி.சி. பம்பும் அடாப்டரும் வாங்குங்கள். அவற்றில் சிறியவை மணிக்கு 240 லிட்டர்தான் தரும், அதற்கு விளிம்பில் பள்ளம் ராவும் முறை பொருந்தும். செலவு பயப்படும்படி இல்லை: 18 வாட் பம்பைத் தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் மாதம் மூன்றேகால் யூனிட்.

கோடையில் தினம் மூன்று முதல் ஐந்து லிட்டர் ஆவியாகும், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றிச் சரிசெய்யுங்கள். தண்ணீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் தொட்டி வெள்ளையாகப் பூத்துவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தவிருங்கள்.

பம்பு முனகுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீருக்குள்ளேயே பம்பைச் சாய்த்துக் குமிழி வெளியேறியதும் மறுபடி போடுங்கள். கடகட என்றால் நீர்மட்டம் தாழ்ந்து காற்றை உறிஞ்சுகிறது. வரத்து நாளுக்கு நாள் குறைந்தால் முன்மூடியைக் கழற்றி, சுழலும் காந்தத்தை உருவி, பழைய டூத்பிரஷ்ஷால் பாசியைத் தேயுங்கள். உப்புக்கறைக்கு அரை மணி நேரம் வினிகரில் ஊறவிட்டால் போதும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், மைனாவும் அணிலும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். டப்புக்குள் வெயில் படாவிட்டால் பாசி குறைவு. தொட்டியின் வெளிப்பக்கம் பச்சையாகப் படிவதை விட்டுவிடலாம், அதில் தண்ணீர் இன்னும் ஒட்டி வழியும்.

ஒரு வாரத்துக்குமேல் ஊருக்குப் போவதாக இருந்தால் டப்பையும் தொட்டியையும் காலி செய்துவிட்டுப் போங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஏழிலிருந்து பத்து நாள் போதும்.