வாடிக்கையாளரின் மனசை நோட்டுப் புத்தகத்தில் அளக்க முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்பனை படுத்துவிட்டது. மந்தநிலை வருகிறது, நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த எண்ணை நம்பி தீபாவளிச் சரக்கைக் குறைக்கலாமா? என் வாடிக்கையாளர்களின் மனநிலையை நானே அளந்து பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிச் சரக்கைக் குறைக்காதீர்கள். நீங்களே அளக்கலாம். ஒரு நோட்டும், பழைய பில் புத்தகமும், நாலைந்து சாயங்காலமும் போதும். ஆனால் அளப்பதற்கு முன்னால் அந்தக் குறியீடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் உங்கள் கேள்விகளை நீங்களே நன்றாக அமைத்துக்கொள்வீர்கள்.

ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நகரங்களில் சுமார் 6,000 வீடுகளில் கேட்கிறது. பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, சொந்த வருமானம், செலவு என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றையும் போன வருடத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை, அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று ஒரு முறை. முதல் வகைப் பதில்களிலிருந்து நடப்பு நிலைக் குறியீடு வருகிறது, இரண்டாவதிலிருந்து எதிர்பார்ப்புக் குறியீடு.

கணக்கு எளிது. நூறு பேரில் 30 பேர் ‘பரவாயில்லை, கூடியிருக்கிறது’, 25 பேர் ‘அப்படியேதான்’, 45 பேர் ‘மோசம்’ என்றால், 30-லிருந்து 45-ஐக் கழிக்க மைனஸ் 15. அதை 100-இல் சேர்த்தால் 85. ஐந்து விஷயங்களுக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுத்தால் அதுதான் செய்தியில் வரும் எண். 100-க்கு மேலே நம்பிக்கை, கீழே அவநம்பிக்கை.

இப்போது இன்னொரு ஊரை நினைத்துப் பாருங்கள். அங்கே யாருக்கும் கூடவில்லை. 85 பேருக்கு அப்படியே இருக்கிறது. 15 பேருக்கு மட்டும் மோசம். அங்கேயும் குறியீடு 85தான். ஆனால் கடைக்காரருக்கு இரண்டும் ஒரே ஊர் இல்லை. முதல் ஊரில் 30 பேர் கையில் காசு கூடியிருக்கிறது, பெரிய ஃபிரிட்ஜ் கேட்பார்கள். 45 பேர் கடைப் பக்கமே வரமாட்டார்கள். இரண்டாவது ஊரில் வழக்கமான வியாபாரம் கொஞ்சம் மெதுவாக நடக்கும். அதனால் குறியீட்டைப் பார்த்தால் அதோடு நிறுத்தாமல், கூடியது, அப்படியே, குறைந்தது என்று மூன்றாகப் பிரித்துத் தரும் அட்டவணையையும் தேடிப் பாருங்கள். ரிசர்வ் வங்கியே அதை வெளியிடுகிறது.

அந்த அட்டவணையில் செலவுப் பகுதிதான் உங்களுக்கு முக்கியம். ‘செலவு கூடியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அது குறியீட்டில் நல்ல பதிலாகக் கணக்காகும். எண்ணெயும் பருப்பும் விலை ஏறி வேறு வழியில்லாமல் செலவு கூடியிருந்தாலும் அப்படித்தான். இதனால்தான் அத்தியாவசியச் செலவையும் மற்றச் செலவையும் தனித்தனியாகவும் கேட்கிறார்கள். உங்கள் சரக்கு இருப்பது இரண்டாவது பிரிவில். மொத்த எண்ணை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைத் தொடர்ந்து பார்த்து வந்தாலே உங்களுக்குப் பாதி விஷயம் புரியும். அப்புறம், நகரக் கணிப்பில் தமிழ்நாட்டிலிருந்து சென்னைதான் இருக்கிறது. சென்னையில் சம்பளக்காரர் சொல்வதும் ஈரோட்டில் தறிக்காரர் சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

2020-ஐ நினைவுபடுத்துகிறேன். ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் விழுந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. அடுத்த காலாண்டில் விழுந்தது 7.5 சதவீதம். இரண்டுமே முந்தைய வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிட்டுச் சொன்னவை. தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கியதால் அதை மந்தநிலை என்றார்கள். கவனியுங்கள், இரண்டாவது காலாண்டு முதலாவதைவிட எவ்வளவோ தேவலை. கடைகள் திறந்தன, தறிகள் ஓட ஆரம்பித்தன. ஆனால் நடப்பு நிலைக் குறியீடு என்ன செய்தது? மார்ச்சில் 85.6, மே மாதத்தில் 63.7, ஜூலையில் 53.8, செப்டம்பரில் 49.9. பொருளாதாரம் எழுந்திருக்கும்போது குறியீடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. போன மாதத்தோடு ஒப்பிட்டு யாரும் பதில் சொல்லவில்லை, போன வருடத்தோடு ஒப்பிட்டார்கள். சேமிப்பு கரைந்து, அடகு வைத்து, கடன் ஏறிய பிறகு மனசு எழுவதற்கு நாளாகும்.

அதே செப்டம்பரில் எதிர்பார்ப்புக் குறியீடு 115.9. ‘இன்றைக்கு மோசம், ஆனால் அடுத்த வருடம் சரியாகிவிடும்’ என்ற நிலை அது. அந்த இடைவெளியில்தான் வியாபாரம் உயிரோடு இருந்தது. நம்பிக்கை அவ்வளவு கீழே கிடந்த அந்த நாட்களில்தான் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக லேப்டாப்பும் செல்ஃபோனும் கடன் வாங்கியாவது வாங்கினார்கள். கொரோனாவின் இரண்டாவது அலை வந்த 2021 மே மாதத்தில் நடப்பு நிலை 48.5, எதிர்பார்ப்பும் 96.4-க்கு விழுந்தது. என் அனுபவத்தில் கடைக்காரர் பயப்படவேண்டியது இரண்டும் சேர்ந்து 100-க்குக் கீழே போகும்போதுதான். நடப்பு நிலை மட்டும் தாழ்ந்திருந்தால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அர்த்தம், கைவிட்டுவிட்டார்கள் என்று இல்லை.

மனநிலையும் செலவும் கைகோத்துப் போகாத இன்னொரு சமயம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகம் 1940-களிலிருந்து இந்தக் கணிப்பை நடத்துகிறது. 2008 நவம்பரில், வங்கிகள் கவிழ்ந்த அந்த நேரத்தில், அவர்கள் குறியீடு 55.3. 2022 ஜூனில் அது 50.0, அதுவரை இருந்த எல்லாப் பதிவுகளிலும் குறைவு. ஆனால் 2022-இல் வேலையில்லாதோர் 4 சதவீதத்துக்கும் கீழே. மக்கள் பெட்ரோல் விலையையும் மளிகை விலையையும் பார்த்துக் கொதித்துப் போயிருந்தார்கள். அதற்காக வாங்குவதை நிறுத்திவிடவில்லை. விலை மேலுள்ள கோபமும் வேலை போய்விடுமோ என்ற பயமும் குறியீட்டில் ஒன்றுபோலத் தெரியும். கடையில் அவை ஒன்றல்ல. கோபப்படுபவர் பேரம் பேசுவார், சின்ன மாடலுக்கு இறங்குவார். பயப்படுபவர் வாங்கவே மாட்டார்.

மிச்சிகன் கணிப்பைத் தொடங்கிய ஜார்ஜ் கடோனா ஹங்கேரியில் பிறந்த உளவியலாளர். செலவு என்பது வாங்கும் திறனை மட்டும் பொறுத்ததில்லை, வாங்கும் மனத்தையும் பொறுத்தது என்பது அவருடைய அடிப்படை. உங்கள் நோட்டிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். இனி அதற்கு வருகிறேன்.

யாரைக் கேட்பது? கடைக்குள் வருபவரைக் கேட்காதீர்கள். அவர் ஏற்கெனவே வாங்கலாம் என்று முடிவெடுத்து வந்தவர். அவரைக் கேட்டால் ஊரே நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வராமல் போனவரைத்தான் கேட்கவேண்டும். கடந்த மூன்று வருட பில் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பத்தாவது பில்லாக, எண்ணிக்கை அதிகமென்றால் இருபதாவது பில்லாக, 120 பேரைப் பொறுக்குங்கள். தெரிந்தவர், நல்லவர், ஃபோன் எடுப்பவர் என்று தேர்ந்தெடுக்காதீர்கள். இப்படிப் பொறுக்கினால் தறித் தொழிலாளி, மஞ்சள் விவசாயி, சாயப்பட்டறைக்காரர், அரசு ஊழியர் எல்லோரும் உங்கள் வியாபாரத்தில் என்ன அளவில் இருக்கிறார்களோ ஏறக்குறைய அதே அளவில் வந்துவிடுவார்கள்.

என்ன கேட்பது? சம்பளத்தை முதலில் கேட்காதீர்கள். கணிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தத் தவறைச் செய்தேன். ஒரே தெருவில் வரிசையாக ஐந்து கதவு சாத்தப்பட்டது. பொதுவாக ஆரம்பித்து, பிறகு உள்ளே வாருங்கள். நான் கேட்பதாக இருந்தால் இந்த வரிசையில் கேட்பேன்:

‘போன வருஷம் இதே நேரத்துக்கு இப்போ உங்க வீட்டு நிலைமை தேவலைங்களா, அப்படியேதானுங்களா, சிரமமாயிருச்சுங்களா?’

‘அடுத்த வருஷம் இதே நேரத்துக்கு எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க?’

‘வேலை இப்போ வாரத்துக்கு எத்தனை நாள் இருக்குதுங்க?’ சம்பளக்காரரிடம், ‘சம்பளம் தேதிக்கு வந்துருதுங்களா?’

‘திடீர்னு ஒரு பத்தாயிரம் வேணும்னா எங்கிருந்து புரட்டுவீங்க?’ சேமிப்பு, நகை அடகு, கைமாற்று, முடியாது என்று நான்கு கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரம்னு நினைக்கறீங்களா? ஏங்க?’

இதில் நான்காவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அமெரிக்க மத்திய வங்கியும் 2013 முதல் 400 டாலர் திடீர்ச் செலவு வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று வருடா வருடம் கேட்டு வருகிறது. ‘நிலைமை பரவாயில்லை’ என்று மானத்துக்காகச் சொல்பவர்கூட இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். போன முறை சேமிப்பு என்றவர் இந்த முறை நகை என்கிறார் என்றால், அவர் வீட்டு நிலைமையை வேறு எந்தக் கேள்வியும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. கடைசிக் கேள்வியில் ‘ஏங்க’ என்பதற்கு வரும் பதிலை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். விலை என்கிறாரா, வேலை என்கிறாரா என்பதில்தான் கோபமும் பயமும் பிரியும்.

ஒரு முறை கேட்டுப் பயனில்லை. ஆனியில் ஒரு சுற்று, ஆவணியில் அதே 120 பேரிடம் இன்னொரு சுற்று. வாரக்கூலி வாங்குபவரை இரண்டு முறையும் கூலி கிடைத்த அடுத்த நாளே கூப்பிடுங்கள், அல்லது இரண்டு முறையும் வாரத்தின் நடுவில். ஒரு முறை காசு இருக்கும்போதும் மறுமுறை இல்லாதபோதும் கேட்டால் நீங்கள் அளப்பது கிழமையைத்தான்.

120 பேரிடம் எடுத்த குறியீடு, வேறு எதுவும் மாறாவிட்டாலும், எந்த 120 பேர் கிடைத்தார்கள் என்பதாலேயே 15 புள்ளி வரை மேலும் கீழும் ஆடும். 85 என்று வந்தால் உண்மை 70-ஆகவும் இருக்கலாம், 100-ஆகவும் இருக்கலாம். அதே ஆட்களைத் திரும்பக் கேட்கச் சொல்வது இதனால்தான். இரண்டாவது சுற்றில் குறியீட்டை மறந்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் மாறியவர்களை மட்டும் எண்ணுங்கள். 22 பேர் கீழே இறங்கியிருக்கிறார்கள், 6 பேர் மேலே ஏறியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மாறியவர்கள் மொத்தம் 28. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.3, இரண்டால் பெருக்கினால் 10.6. வெறும் தற்செயலால் வரக்கூடிய வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான். இறங்கியவருக்கும் ஏறியவருக்கும் வித்தியாசம் 16. அது 10.6-ஐவிடப் பெரியது, ஆக இந்தச் சரிவு நிஜம். 12 பேர் இறங்கி 8 பேர் ஏறியிருந்தால் வித்தியாசம் 4. மொத்தம் 20, வர்க்கமூலம் 4.5, இரு மடங்கு 9. அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

வாயால் சொல்வதோடு கடைக் கணக்கையும் வைத்துப் பாருங்கள். புதிது வாங்கியவர் எத்தனை பேர், பழையதை ரிப்பேர் செய்துகொண்டவர் எத்தனை பேர்? இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் கேட்டு வந்து ஒற்றைக் கதவோடு போனவர்கள்? தவணையில் முன்பணத்தைக் குறைக்கச் சொன்னவர்கள்? விலை விசாரித்துவிட்டுப் போனவர்களில் பத்து நாளில் திரும்பி வந்தவர்கள்? போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். நோட்டில் பதில்கள் சரிந்து, கடையில் ரிப்பேரும் கூடியிருந்தால் நம்பலாம். ஒன்று மட்டும் என்றால் பொறுத்துப் பாருங்கள். மூன்று மாத மந்தம் என்கிறீர்களே, பக்கத்தில் புதிதாகக் கடை வந்திருக்கிறதா, வாடிக்கையாளர் ஆன்லைனுக்குப் போய்விட்டாரா என்பதையும் இதே ஃபோனில் கேட்டுவிடலாம். மந்தநிலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு விஷயத்தில் என் யோசனை: இந்தக் கணிப்பு எந்தத் திசையில் போகிறது என்று சொல்லும், எத்தனை உருப்படி என்று சொல்லாது. எண்ணிக்கைக்குப் போன இரண்டு தீபாவளிக் கணக்குதான் ஆதாரம். விநியோகஸ்தரிடம் பேசி சரக்கை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆவணிச் சுற்று முடிந்ததும் முதல் தவணை, ஒற்றைக் கதவு, மிக்ஸி, கிரைண்டர் போன்றவை. பெரிய மாடல்களை இரண்டாவதுக்கு வையுங்கள், ஆலைகளிலும் தறிப் பட்டறைகளிலும் போனஸ் பேச்சு முடிந்த பிறகு. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்; உங்கள் ஊரில் அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கிறது, எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பது ஈரோட்டுக் கடைக்காரருக்கு எந்தத் தேசியக் குறியீட்டையும்விடப் பெரிய தகவல்.

ஃபோன் செய்யும்போது எதையும் விற்கப் பார்க்காதீர்கள். சலுகை பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டாவது சுற்றில் பாதிப்பேர் எடுக்கமாட்டார்கள். ‘வேலை போயிருச்சுங்க’ என்று யாராவது சொன்னால் மீதிக் கேள்விகளைக் கேட்கவேண்டாம். அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை கேளுங்கள். அவருக்கு உங்கள் கடையில் தவணை பாக்கி இருந்தால், இரண்டு மாதம் தள்ளிக் கட்டலாம் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.