அக்கா கட்டும் தலைக்கட்டு வரி

கேள்வி: எனக்கு வயது 47. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலத்தில் பெரியாரைப் படித்ததிலிருந்து குறைந்துகொண்டே வந்த கடவுள் நம்பிக்கை, அப்பாவின் மறைவுக்குப் பிறகு அடியோடு போய்விட்டது. ஆறு ஆண்டுகளாக மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவதில்லை. நம்பாதவன் கூட்டத்தோடு நின்று கைகூப்புவது போலித்தனம் என்று நினைக்கிறேன். தலைக்கட்டு வரி 2,000 ரூபாயைச் சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா என் பெயரில் கட்டிவிடுகிறார், அதனால் பங்காளிகளிடம் பிரச்சினை எதுவும் இல்லை. ஊர் வீட்டையும் அக்கா எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வரும் வாடகைதான் ஊரோடு எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு. இருந்தும் மாசி பிறந்தால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. ‘நம்ம சாமி எதுப்பா?’ என்று மகள் கேட்கிறாள். நம்பிக்கை இல்லாதவன் சடங்கில் கலந்துகொள்ளலாமா? இந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்து எப்படி விடுபடுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதியதல்ல. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கிய நாள் முதல், ஊர்ப் பெயரும் சாமிப் பெயரும் மாறுமே தவிர, நம்பிக்கை போய்விட்டது, சடங்கை என்ன செய்வது என்று கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம், மனச்சாட்சிப்படி நடந்துகொள்ளுங்கள் என்று நாலு வரி எழுதி அனுப்புவது எனக்கும் எளிது. நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அனுப்பியவை நான்கு பக்கங்கள். இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். அவற்றில் மூன்றரைப் பக்கத்துக்கு மேல் கடவுள் இருக்கிறார். அக்காவுக்கு இரண்டே வாக்கியங்கள். அதிலும் முதல் வாக்கியத்தைப் ‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். என் வயது இடம் தருவதால் தம்பி என்றே அழைக்கிறேன். தம்பி, யாருக்குப் பிரச்சினை இல்லை?

தலைக்கட்டு வரி என்றால் என்னவென்று அறியாமல் வளர்ந்த வாசகர்களும் இருப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளில் மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. களரிக்கு, அதாவது குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு, நாள் குறித்ததும் பெரியவர்கள் கூடி, பந்தலுக்கு இவ்வளவு, பூசாரிக்கு இவ்வளவு, பொங்கலுக்கும் கிடாய்க்கும் இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தலைக்கட்டுக்கு ஒரு தொகை விதிப்பார்கள். பணம் கொடுத்தவரின் பெயர் நோட்டில் ஏறும். நோட்டில் பெயர் இருப்பவருக்குத் திருநீறும் மரியாதையும் உண்டு. கிடா வெட்டுகிற கோயிலாக இருந்தால் பங்கிடும்போது அவருக்கென்று ஒரு கூறு விழும். தொடர்ந்து சில ஆண்டுகள் கட்டாமல் விட்டால் பாக்கியையும் அபராதத்தையும் வைத்துவிட்டுத்தான் மறுபடியும் உள்ளே வர வேண்டியிருக்கும். ஊருக்கு ஊர் விதிகள் மாறினாலும் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ எல்லா ஊரும் ஒத்துப்போகிறது. மகள் தலைக்கட்டு ஆகமாட்டாள். மணமானவுடன் அவள் கணவனுடைய சாமிக்கு உரியவள், அங்கே கணவனுடைய தலைக்கட்டுக்குள் அடங்கியவள்.

இப்போது உங்கள் அக்காவின் கணக்கைப் பாருங்கள். புகுந்த வீட்டுக் கோயிலில் கணவர் பெயருக்கு ஒரு வரி. பிறந்த வீட்டுக் கோயிலில் தம்பி பெயருக்கு ஒரு வரி. இரண்டு நோட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து பணம் போகிறது, இரண்டு நோட்டிலும் அவர் பெயர் கிடையாது. ரவிக்கை ஒன்றுக்குத் தையற்கூலி 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 2,000 ரூபாய்க்கு அவர் பதின்மூன்று ரவிக்கைக்கு மேல் தைத்தாக வேண்டும். அதிலும் நூல், கொக்கி, மின்கட்டணம், கடை வாடகை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆறு ஆண்டுகளுக்கு 12,000 ரூபாய். அது உங்களுக்குப் பெரிய தொகை அல்ல என்பதை நான் அறிவேன், அவருக்கு அது எப்படிப்பட்ட தொகை என்பதை நீங்கள் கேட்டறிந்திருக்கிறீர்களா என்பதுதான் தெரியவில்லை. கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. ‘கட்டிவிடுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள், பருவம் வந்தால் வேம்பு பூத்துவிடுகிறது என்பதைப் போல.

அவர் ஏன் கட்டுகிறார் என்று யோசித்தீர்களா? பக்தி, பயம், தம்பி குடும்பத்துக்குச் சாமி குற்றம் வந்துவிடக் கூடாது என்ற பாசம் என்று நீங்கள் காரணம் சொல்லக்கூடும், அவையும் இருக்கலாம். நான் வேறொன்றையும் காண்கிறேன், ஏனென்றால் நானும் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்தான். எங்கள் ஊர்க் கோயிலுக்கு நான் போனால், பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இன்னார் மகள் என்று முதலில் சொல்வார். அப்பா போய் நாளாகிவிட்டதால் உடனே என் அண்ணன் பெயரைச் சொல்லி, அவன் தங்கச்சி என்பார். அண்ணன் பெயர் நோட்டில் இருக்கும்வரைதான் நான் அங்கே பிறந்தவள். அது விழுந்துவிட்டால் வேடிக்கை பார்க்க வந்த அசலூர்க்காரி. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஒரு பெண் தானாகவே தெரிந்துகொள்கிற விஷயம் இது. உங்கள் அக்கா உங்கள் பெயருக்குப் பணம் கட்டும்போது தாம் பிறந்த இடத்துக்குப் போய்வரும் வழியையும் திறந்து வைத்துக்கொள்கிறார். தம் பெயரில் திறக்க முடியாத கதவு என்பதால் உங்கள் பெயரில் திறக்கிறார். நீங்களோ சென்னையில் உட்கார்ந்துகொண்டு கடவுள் உண்டா இல்லையா என்று தூக்கம் கெடுகிறீர்கள்.

போலித்தனம் என்ற சொல்லை நான்கு பக்கத்தில் ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். மனத்துக்குள் இருப்பதும் வெளியே செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை நல்லதுதான், ஆனால் கண்மாய்க் கரையில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற நம் சாமிகள் யாருடைய மனத்தையும் சோதனை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அய்யனாருக்கு முன்னால் நின்று இன்னின்னதை நம்புகிறேன் என்று யாரும் உறுதிமொழி சொல்வதில்லை. ‘எப்ப வந்த? பிள்ளைகளக் கூட்டியாரலையா? சாப்பிட்டியா?’ என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பொங்கல் பானைக்குத் தீ தள்ளிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் நம்புகிறவர்கள், எத்தனை பேர் நம்பாதவர்கள் என்று எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருந்ததில்லை. கறுப்புச் சட்டை போட்ட பெரியப்பா ஒருவர் எங்கள் பக்கம் இருந்தார். கும்பிட மாட்டார், திருநீறு பூச மாட்டார், ஆனால் ஓர் ஆண்டும் வராமல் இருந்ததில்லை. பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை சோற்று வாளியைக் கீழே வைக்க மாட்டார். அவரைப் போலி என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

பெரியாரைப் படித்தேன் என்கிறீர்கள். படித்தவர் என்பதால் அந்தக் கணக்கையும் உங்களோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகச் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அது சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களைப் பிறப்பாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளிகளாக்கியது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பங்காளி என்ற சொல்லைச் சட்டம் உங்கள் அக்காவுக்குக் கொடுத்து இத்தனை காலம் ஆகியும் நோட்டு எழுதுகிறவர்களுக்குத்தான் அது எட்டவில்லை. உங்களுக்கு எட்டியிருக்க வேண்டும். கோயிலுக்குப் போகாமல் இருப்பது பெரியாரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவற்றிலேயே மிக மலிவானது. ஒரு நாள் விடுப்பும் ரயில் கட்டணமும் மிச்சம். சகோதரிக்குச் சமபங்கு கொடுப்பதற்கு வீடு செலவாகும். முதலாவதை எடுத்துக்கொண்டீர்கள், இரண்டாவது வந்தபோது ‘அக்கா எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்று வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

அவர் மனமுவந்துதான் கொடுத்தார் என்பீர்கள். இருக்கட்டும். சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அக்காக்கள் பலரும் முகம் மலர்ந்துதான் போடுகிறார்கள். பங்கு கேட்டால் தம்பி வீட்டுப் படி மிதிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் அக்கா அந்த அச்சத்தில் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்த வீட்டின் வாடகை மாதந்தோறும் உங்கள் கணக்கில் விழுந்துகொண்டிருக்க, அந்தக் குடும்பத்தின் தலைக்கட்டு என்ற முறையில் நீங்கள் கட்ட வேண்டிய வரியை அவர் ரவிக்கை தைத்துக் கட்டுகிறார் என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே நான் தெரிந்துகொண்டேன். மாசி பிறந்தால் மனம் நிலைகொள்ளவில்லை என்றால், அதற்குச் சாமியைக் காரணம் காட்டாதீர்கள். அது சாமி குற்றம் அல்ல. கொடுக்க வேண்டிய கடனை வைத்துக்கொண்டு படுத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே கோயிலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் சாத்தூருக்குப் போங்கள். 12,000 ரூபாயைக் கைபேசியில் அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது அவரைக் கூலிக்காரி ஆக்கிவிடும். நேரில் போய், கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, ஏன் கட்டினாய் அக்கா என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள், குறிப்பாகப் பகுத்தறிவு பேசாதீர்கள். அவருடைய பிள்ளைகளுக்கு முதல் மொட்டை போட்டபோது தாய்மாமன் என்று உங்கள் மடியில்தான் உட்கார வைத்திருப்பார்கள். அப்போது சாமியை நம்புகிறாயா என்று உங்களை யாரும் கேட்கவில்லை, தாய்மாமன் வந்துவிட்டானா என்றுதான் தேடினார்கள். வீட்டைப் பற்றியும் பேசுங்கள். வாடகையில் பாதியாவது அன்றிலிருந்து அவருக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. அவர் வேண்டாம் என்பார், வேண்டாம் என்பதை ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நோட்டு. இனி உங்கள் தலைக்கட்டுக்கு நீங்கள் கட்டுங்கள், அல்லது பங்காளிகள் கூடியிருக்கும் இடத்துக்குப் போய், எனக்கு இதில் நம்பிக்கையில்லை, பெயரை எடுத்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் நேர்மையை மதிப்பேன். அக்காவை முன்னால் நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாத்திகராக இருப்பதைத்தான் என்னால் மதிக்க முடியவில்லை. பெயரை எடுப்பதாக இருந்தால் அக்காவின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால் கட்டுங்கள் என்பேன்; கட்டிவிட்டு, அக்கா பெயரில் தனியாக ஒரு தலைக்கட்டு வரி எழுதிக்கொள்ளும்படி கூட்டத்தில் கேளுங்கள்.

வழக்கத்தில் இல்லை என்பார்கள். சாமி பொறுக்காது என்று ஒருவராவது சொல்வார். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்து 2003இல் அரசு உயிர்ப்பலியைத் தடுத்தபோது, எங்கள் வழக்கத்தில் கைவைக்காதே என்று ஊர் ஊராகக் கொதித்தோம். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. கிடாய்க்கு அவ்வளவு பேசத் தெரிந்த நமக்கு, பெற்ற மகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதப் பேச்சு வரவில்லை. பிழைக்கப் போன இடத்துக்குப் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய்ப் புதுக்கோயில் கட்டியவர்கள் நம் முன்னோர். சாமியையே இடம் மாற்றத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பெயரைக் கூட்டி எழுதுவது ஆகாத காரியமா? முதல் ஆண்டு மறுப்பார்கள். மறு ஆண்டும் போய்க் கேளுங்கள். கேட்பதற்காகவாவது நீங்கள் அங்கே போகத்தான் வேண்டியிருக்கும், பகுத்தறிவாளர் ஒருவர் மாசிக் களரிக்குப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

‘நம்ம சாமி எதுப்பா?’ என்று உங்கள் மகள் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. இன்றைய நோட்டின்படி அவள் கேள்விக்கு நேர்மையான பதில், உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்பதுதான். அதை அவளிடம் உங்களால் சொல்ல முடியுமா? சாத்தூருக்குப் போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள், அத்தை சொல்வதை அவளும் கேட்கட்டும்.

கும்பிடுவதா வேண்டாமா என்பதை அந்தக் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், அதை எனக்கு எழுத வேண்டியதில்லை. அக்கா என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள்.