ஸ்ட்ரோம்போலியன்: மலையா, வெடிக்கும் விதமா?

கேள்வி: ‘எட்னா எரிமலையில் ஸ்ட்ரோம்போலியன் வெடிப்பு’ என்று செய்தியில் படித்தேன். ஸ்ட்ரோம்போலி வேறு மலை அல்லவா? அச்சுப் பிழையா? – வாசகி, தென்காசி

பதில்: பிழை இல்லை. ஸ்ட்ரோம்போலி, இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே கடலில் நிற்கும் தீவு எரிமலை. உயரம் சுமார் 920 மீட்டர். சராசரியாகப் பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சிறிதாக வெடித்து இரவில் ஒளிர்வதால், ‘மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்’ என்றே பெயரெடுத்தது. அந்த வெடிப்பு முறைக்கு மலையின் பெயரே நிலைத்துவிட்டது. எந்த மலை அப்படி வெடித்தாலும் சொல் அதுதான்.

கேழ்வரகுக் கூழ் கொதிப்பதைப் பாருங்கள். அடியிலிருந்து பெரிய குமிழ் ஒன்று எழும்பி, மேலே வந்ததும் ‘டப்’பென்று உடைந்து கையில் தெறிக்கும். இங்கும் அதேதான். பாறைக்குழம்பு ஓரளவு இளகியிருப்பதால் அதிலுள்ள வாயுக் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து, குழாய் போன்ற வழியில் மேலேறி, வாயில் வெடிக்கின்றன. செந்தழல் துண்டுகள் பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் உயரம்வரை பறக்கும். பிறகு அமைதி, மீண்டும் வெடிப்பு. இந்த இடைவெளிதான் அடையாளம். இடைவிடாமல் ஊற்றாகப் பீறிட்டால் அது ஹவாய் வகை. குழம்பு கெட்டியாகி வாயை அடைத்து, அழுத்தம் ஏறி, கரும்சாம்பலோடு வெடித்தால் வல்கேனியன்.

‘ஸ்ட்ரோம்போலியன் எரிமலை’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. சொல் வெடிப்பைக் குறிக்கிறது, ஒரே மலை பல விதமாக வெடிக்கும். ஸ்ட்ரோம்போலியே 2019 ஜூலை 3-இல் பெருவெடிப்பாக வெடித்து, மலையேறிய ஒருவர் உயிரிழந்தார். அதை யாரும் வழக்கமான ஸ்ட்ரோம்போலியன் வெடிப்பு என்று சொல்வதில்லை. தமிழில் ‘ஸ்ட்ரோம்போலி வகை வெடிப்பு’ என்றால் குழப்பமே வராது. அந்தமானின் பாரன் (Barren) தீவு எரிமலையும் 1991-இல் விழித்த பிறகு பலமுறை இப்படித்தான் வெடித்திருக்கிறது.

கேள்வி: டயர் கடைப் பலகையில் உள்ள ‘வல்கனைசிங்’கும் எரிமலையிலிருந்து வந்ததா? – வாசகர், கரூர்

பதில்: நேரடியாக இல்லை. இரண்டுக்கும் மூலம் வல்கன், ரோமானியர்களின் நெருப்புத் தெய்வம். ஸ்ட்ரோம்போலி இருக்கும் அதே தீவுக்கூட்டத்தில் அவர் பெயரால் ‘வல்கேனோ’ தீவு உண்டு. எரிமலைக்கான ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது, வல்கேனியன் என்பதும் அதன் பெயரே. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கோ தெய்வத்தின் பெயரையே வைத்தார்கள்.